ஒரு தட்டுக் காளானுக்குள் உலகம்!

மாலை 5 மணி ஆனால் போதும். கோவை ஆர்.எஸ்.புரத்துத் தெருக்களில் தள்ளுவண்டிகள் வந்து நின்றுவிடும்.

அகலமான இரும்புக் கல் அடுப்பில் ஏறும். அதில் செக்கச் செவேல் என்று மசாலா கொதிக்கும். கரண்டியால் கல்லைத் தட்டும் "டங், டங்" சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்தச் சத்தமே அழைப்பு மணி!

"ஏனுங்க, ஒரு காளான் போடுங்க!"

"காரம் வேணுங்களா?"

"நல்லாப் போடுங்க!"

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுத் திகைப்பது உண்டு. "காளான் போடுவதா? அது என்ன தோசையா?" என்பார்கள்.

கோவையில் "காளான்" என்றால் அது ஒரு பலகாரத்தின் பெயர். முட்டைக்கோசையும் காளானையும் பொடியாக நறுக்கி, மாவில் பிசைந்து, பக்கோடா போலப் பொரித்து வைத்திருப்பார்கள். ஆள் வந்து கேட்டதும், அதை மசாலாவில் போட்டுக் கொத்துவார்கள். மேலே பச்சை வெங்காயம், கொத்தமல்லித் தழை. ஒரு பிடி சிப்சை நொறுக்கித் தூவினால் தட்டு தயார்.

சில வண்டிகளில் கோஸ்தான் அதிகம். காளானைத் தேடிப் பிடிக்க வேண்டும்! ஆனாலும் அதற்காக யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

கல்லூரி மாணவர், மில் தொழிலாளி, நகைக்கடைக்காரர், குழந்தையை இடுப்பில் வைத்த தாய் எல்லோரும் சாலையோரத்தில் நின்றபடியே சாப்பிடுகிறார்கள். "இது எங்க ஊர்ச் சமாச்சாரமுங்க" என்று கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

அது உண்மை. ஆனால், அந்தத் தட்டில் இருப்பவை எல்லாம் இந்த ஊரில் பிறந்தவையா?

கோசு கொண்டுவந்த கலெக்டர்

முதலில் முட்டைக்கோசை எடுத்துக்கொள்வோம்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் கோவை ஜில்லாவுக்கு ஜான் சல்லிவன் என்ற வெள்ளைக்காரர் கலெக்டராக இருந்தார். அப்போது நீலகிரியும் கோவை கலெக்டரின் ஆளுகையில்தான் இருந்தது. 1819-ம் ஆண்டு அவர் மலை ஏறினார். கோத்தகிரியின் குளிர் அவரைச் சொக்க வைத்துவிட்டது. பிறகு ஊட்டியிலேயே வீடு கட்டிக் குடியேறினார்.

வீடு கட்டியவர் சும்மா இருக்கவில்லை. சீமையில் இருந்து விதை வரவழைத்தார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் முதலிய காய்களை மலையில் பயிர் செய்ய வைத்தார்.

ஊட்டியில் இன்று மலர்க்காட்சி நடக்கும் அரசு பூங்கா இருக்கிறதே, அதன் பூர்வீகமும் காய்கறிதான். 1840-களில் மலையில் வசித்த வெள்ளைக்காரர்கள் மாதச் சந்தா கட்டி, தங்களுக்குக் காய்கறி கிடைப்பதற்காக ஒரு தோட்டம் போட்டார்கள். அங்கே கோசு விளைந்த பிறகுதான் ரோசா வந்தது!

கொஞ்ச காலத்தில் அந்தக் காய்கள் மலையை விட்டு இறங்கின. மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்தன. அங்கிருந்து கோவைக்கு வந்தன. நம் பாட்டிமார் அவற்றுக்கு "இங்கிலீஷ் காய்கறி" என்று பெயர் வைத்தார்கள். நெடுங்காலம் அவை விசேஷ வீட்டுச் சமையலுக்கு ஆகாத காய்களாகவே இருந்தன. இன்றைக்கும் திதி, திவசம் என்றால் உருளைக்கிழங்கும் கோசும் சேர்க்காத குடும்பங்கள் உண்டு. "அது நம்ம காய் இல்லை" என்பதுதான் காரணம். 200 ஆண்டு ஆகியும் முழுக் குடியுரிமை கிடைக்கவில்லை!

அதே வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன பலகாரம்? பூரி, கிழங்கு! கோதுமை வடக்கே இருந்து வந்தது. கிழங்கு தென் அமெரிக்காவில் இருந்து வந்தது.

மிளகாயின் முகவரி

அடுத்தது மிளகாய்.

மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை நினைத்துப் பார்க்க முடியுமா? ஆனால் ராஜராஜ சோழன் மிளகாயைக் கண்ணால் கண்டதில்லை! அவர் காலத்தில் காரம் என்றால் மிளகுதான்.

1492-ம் ஆண்டு கொலம்பஸ் அமெரிக்கா போனார். அங்கே இருந்த செடிதான் மிளகாய். 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் வந்த போர்ச்சுகீசியர்கள்தான் மிளகாயை நம் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

புதிதாக வந்த பொருளுக்குப் பெயர் வேண்டுமே! மிளகு மாதிரி உறைக்கிறது. காய் மாதிரி இருக்கிறது. "மிளகுக்காய்" என்று பெயர் வைத்தார்கள். அது "மிளகாய்" ஆயிற்று. பெயர் தமிழாகிவிட்டதால், ஆளும் தமிழாள் என்றே நாம் நம்பிவிட்டோம்.

போர்ச்சுகீசியர் விட்டுப்போனது மிளகாய் மட்டும் அல்ல. அன்னாசி, கொய்யா, பப்பாளி என்ற பெயர்களும் அவர்கள் பேச்சில் இருந்து வந்தவையே. வீட்டுக்குள்ளே பாருங்கள். மேஜை, அலமாரி, ஜன்னல், சாவி இவையும் அவர்கள் சொற்கள். ஜன்னலைத் திறக்காமல் எந்தத் தமிழ்க் குடும்பமாவது ஒரு நாள் இருந்தது உண்டா?

காளான் மசாலா கெட்டியாக இருப்பதற்கு மக்காச்சோள மாவு கரைத்து ஊற்றுவார்கள். பெயரைப் பார்த்தால் மக்காவில் இருந்து வந்ததோ என்று தோன்றும். இல்லை. அதுவும் அமெரிக்காவில் பிறந்தது. தக்காளியும் அப்படியே. கிணத்துக்கடவு, உடுமலைச் சந்தைகளில் கூடை கூடையாகக் குவிகிறதே, அந்தத் தக்காளிக்குப் பூர்வீகம் கடல் கடந்த தேசம். பொரிக்கிற எண்ணெய் கடலை எண்ணெய் என்றால், நிலக்கடலையும் தென் அமெரிக்காக் குடிதான்.

பொரித்ததை மசாலாவில் போட்டுப் புரட்டுகிற அந்தச் சமையல் முறைக்கும் ஒரு கதை உண்டு.

கல்கத்தாவுக்குச் சீனர்கள் வந்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1780-ம் ஆண்டை ஒட்டி, டோங் அச்சியூ என்ற சீனர் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் வைத்தார். அவர் பெயரால் அந்த ஊர் இன்றும் "அச்சிப்பூர்" எனப்படுகிறது. அவருக்குப் பின்னால் வந்த சீனர்கள் தச்சு வேலை செய்தார்கள், தோல் பதனிட்டார்கள், சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். அந்தக் கல்கத்தாச் சீனர் குடும்பம் ஒன்றில் பிறந்த நெல்சன் வாங் என்பவர் பம்பாய்க்குப் போனார். 1975-ம் ஆண்டு அவர்தான் "மஞ்சூரியன்" என்ற புதுப் பண்டத்தைச் செய்தார் என்று சொல்வார்கள். சோயா சாசும் மக்காச்சோள மாவும் அவர் கைப்பக்குவம். அதில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் நம் நாட்டு ருசிக்காகச் சேர்ந்தவை.

சீனாவில் போய் "மஞ்சூரியன் கொடுங்கள்" என்று கேட்டால் விழிப்பார்கள்!

பம்பாயில் கோழியாக இருந்தது, பிறகு காலிபிளவர் ஆயிற்று. கோவைக்கு வந்து சேர்ந்ததும், கோசும் காளானும் ஆயிற்று. சட்டுவத்தால் கொத்தும் வித்தை நம்முடைய பரோட்டாக் கடைகளில் ஏற்கெனவே இருந்தது. இரண்டும் கைகோத்தன. காளான் பிறந்தது.

ஊரே குடியேறியதுதான்!

ஆர்.எஸ்.புரத்தில் இந்தப் பலகாரம் வேர் விட்டதில் ஆச்சரியம் இல்லை. ஏனென்றால், ஆர்.எஸ்.புரமே குடியேறியவர்களின் ஊர்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையில் பிளேக் நோய் திரும்பத் திரும்ப வந்தது. பழைய ஊர் நெருக்கடி மிகுந்தது. குறுகிய சந்துகள். எலி செத்து விழுந்தால் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அகலமான தெருக்களுடன் ஒரு புது ஊர் வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வலுத்தது.

கோவை நகரசபைத் தலைவராக இருந்த சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியார் புது ஊர் எழுவதற்குப் பாடுபட்டார். சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் பெயர்தான் ரத்தினசபாபதிபுரம். அதைச் சுருக்கி ஆர்.எஸ்.புரம் என்கிறோம். அவருக்குச் சர்க்கார் கொடுத்த பட்டம் "திவான் பகதூர்". அதுதான் டி.பி. ரோடு.

ஆக, "நாங்கள்தான் ஆர்.எஸ்.புரத்துக்குப் பரம்பரைக் குடி" என்று சொல்ல யாருக்கும் இடமே இல்லை. எல்லோரும் வந்தவர்கள்தான். யார் முந்தி வந்தார், யார் பிந்தி வந்தார் என்பதுதான் வித்தியாசம்.

கொங்கு நாட்டுக்கே இது பொருந்தும். விஜயநகர மன்னர்கள் காலத்தை ஒட்டித் தெலுங்கு பேசுகிறவர்களும் கன்னடம் பேசுகிறவர்களும் இங்கே வந்து நிலம் திருத்தினார்கள்; தறி போட்டார்கள். இன்று அவர்கள் வீட்டிலே ஒரு பேச்சு, வெளியிலே கொங்குத் தமிழ் என்று வாழ்கிறார்கள்.

கொங்கு வீடுகளில் விருந்து என்றால் "ஒப்புட்டு" உண்டு. பருப்பும் வெல்லமும் பூரணமாக வைத்து, மெல்லிசாகத் தட்டி, நெய் ஊற்றிச் சுடுவது. புது மாப்பிள்ளைக்கு இது இல்லாமல் முடியாது. இதைக் கன்னடத்தில் "ஒப்பட்டு" என்கிறார்கள். தெலுங்கில் "பொப்பட்டு". மராட்டியத்தில் "பூரண் போளி". மற்றத் தமிழ் ஜில்லாக்களில் வெறும் "போளி". தறிக்காரர் கொண்டு வந்தாரா, ஏர்க்காரர் கொண்டு வந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. இலையில் விழுந்தால் சரி!

சேட்டம்மா வீட்டுக் கிண்ணம்

கோவையில் 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் நூற்பு மில் தொடங்க முன்கை எடுத்தார். அதற்கு முன்பே, 1861-ல், அவர் குடும்பத்தாரின் கம்பெனி இங்கே காப்பிக்கொட்டையைப் பதப்படுத்தும் தொழிலை ஆரம்பித்திருந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

பஞ்சு இருக்கும் இடத்துக்கு வியாபாரி வருவார் அல்லவா? குஜராத்திகள் வந்தார்கள். ராஜஸ்தானத்து மார்வாடிகளும் ஜைனர்களும் வந்தார்கள். 1947-ல் தேசம் பிரிந்தபோது வீடு வாசலை இழந்த சிந்திக்காரர்களும் வந்தார்கள். துணிக்கடை, இரும்புக்கடை, மின்சாரச் சாமான் கடை என்று அவர்கள் பிழைப்பு வளர்ந்தது. பலர் ஆர்.எஸ்.புரத்தில் வீடு வாங்கினார்கள்.

ஆண்கள் கடையில் கணக்குப் பார்த்தார்கள். ஆனால் இரண்டு குடும்பங்களை ஒன்றாக்கியவர்கள் பெண்கள்தான்!

"சேட்டம்மா, கொஞ்சம் புளி இருக்குதுங்களா?" என்று ஒரு குரல். "வா அக்கா" என்று ஒரு பதில். இப்படித்தான் கிண்ணம் ஒரு வீட்டில் இருந்து மறு வீட்டுக்குப் போகத் தொடங்கியது. போன கிண்ணம் வெறுமனே திரும்பி வருவது நம் ஊரில் மரியாதை இல்லை. அவர்கள் ஊரிலும் இல்லை!

முறுக்கு போன கிண்ணத்தில் கடலைமாவுச் சேவு வந்தது. இட்லி போன தட்டில் டோக்ளா வந்தது. இரண்டும் புளிக்க வைத்த மாவை ஆவியில் வேக வைப்பதுதான். ஒன்று அரிசி உளுந்து, மற்றது கடலைமாவு. பார்த்த உடனேயே இரண்டு அம்மாக்களுக்கும் புரிந்துவிடும். யாரும் விளக்கத் தேவையில்லை.

வெங்காயமும் பூண்டும் தொடாத ஜைனர்களுக்காக, ஓட்டல்காரர்கள் தனிச் சாம்பார் வைக்கப் பழகினார்கள். இரவிலே சப்பாத்தி சாப்பிடும் பழக்கம் கோவைக்காரர்களுக்கு வந்தது. டாக்டர்கள் சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சப்பாத்தி என்று சொன்னதும் அதற்கு ஒரு காரணம். அது வேறு விஷயம்.

பொங்கல் நாளில் இந்த உறவை நன்றாகப் பார்க்கலாம்.

நமக்கு அது பொங்கல். குஜராத்திகளுக்கு உத்தராயணம். அன்று அவர்கள் பட்டம் விடுவார்கள். "உந்தியூ" என்று ஒரு கூட்டு வைப்பார்கள். அவரைக்காய், கத்தரிக்காய், சக்கரைவள்ளிக்கிழங்கு, வாழைக்காய் எல்லாம் சேர்ந்தது. பழைய முறைப்படி, காய்களை மண்பானையில் அடைத்து, பானையைத் தலைகீழாகக் குழியில் வைத்து, மேலே தீ மூட்டுவார்கள். "உந்து" என்றால் தலைகீழ்.

தை மாதம் கொங்கு நாட்டுத் தோட்டங்களிலும் அவரை கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பொங்கலுக்கு அவரைக்காய் வாங்காத வீடு உண்டா? மார்வாடி வீட்டில் அன்று எள்ளும் வெல்லமும். பீகார்க்காரர்களுக்குத் தயிரும் அவலும், எள் மிட்டாயும். அசாமியருக்கும் வங்காளிகளுக்கும் புது அரிசிப் பிட்டா. அத்தனை பேருக்கும் ஒரே சூரியன். ஒரே அறுவடை. பாத்திரம்தான் வேறு வேறு.

கோவை கொடுத்த இனிப்பு

"எல்லாம் அங்கிருந்தே வந்திருக்கிறதே, நாம் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லையா?" என்று கேட்கத் தோன்றும்.

கொடுத்திருக்கிறோம். அதுவும் சாதாரணமாக அல்ல!

கோவையில் 1912-ம் ஆண்டு கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஆரம்பமானது. அந்தக் காலத்தில் வட இந்தியாவில் விளைந்த கரும்பு விரல் பருமன்தான் இருக்கும். சாறு குறைவு. தென்னாட்டுத் தடிக் கரும்பை அங்கே நட்டால், குளிரிலும் வறட்சியிலும் செத்துவிடும். சர்க்கரைக்கு வெளிநாட்டையே நம்ப வேண்டியிருந்தது.

நிலையத்தில் டாக்டர் பார்பர் என்ற ஆங்கிலேயரும், டி.எஸ்.வெங்கட்ராமன் என்ற தமிழரும் யோசித்தார்கள். தடித்த கரும்பு இனிப்பாக இருக்கிறது, ஆனால் நோஞ்சான். கோவைப் பக்கம் காட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் நாணல் போல ஒரு காட்டுக்கரும்பு இருக்கிறது. அதிலே இனிப்பு இல்லை; ஆனால் இரும்பு மாதிரி உறுதி. இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைத்தால் என்ன?

செய்து வைத்தார்கள்! பிறந்த பிள்ளைக்குப் பெயர் "கோ 205". "கோ" என்றால் கோயமுத்தூர். 1918-ல் அது பஞ்சாபுக்குப் போயிற்று. அங்கே குளிரைத் தாங்கி நின்றது. பழைய கரும்பைவிட நிறைய விளைந்தது. பின்னால் வந்த "கோ" கரும்புகள் ஐக்கிய மாகாணத்திலும் பீகாரிலும் பரவின. தலசேரியில் பிறந்த ஜானகி அம்மாள் என்ற விஞ்ஞானியும் 1930-களில் இந்த நிலையத்தில் வேலை பார்த்தார். புல்லோடும் கரும்போடும் அவர் செய்த ஆராய்ச்சிகள் உலகப் புகழ் பெற்றவை.

ஆகவே, ஆர்.எஸ்.புரத்து மிட்டாய்க் கடையில் சேட்டு செய்யும் ஜிலேபிக்குள்ளும், பீகார்த் தொழிலாளி ஊரில் இருந்து கொண்டுவரும் வெல்லத்துக்குள்ளும், கோவைக் காட்டு நாணலின் ரத்தம் ஓடுகிறது!

இந்தக் கரும்பு கடலும் தாண்டியது. தென் ஆப்பிரிக்காவில் நேட்டால் என்ற பகுதிக்கு 1860-ம் ஆண்டு சென்னையில் இருந்து முதல் கப்பலில் தமிழர்கள் போனார்கள். போனது கரும்பு வெட்டுவதற்கு. ஒப்பந்தக் கூலிகளாக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பின்னாளில் கோவைக் கரும்பும் அதே நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே டர்பன் நகரத்தில் இன்று ஒரு பலகாரம் பிரசித்தம். ரொட்டியைக் குடைந்து, உள்ளே காரக் குழம்பை ஊற்றித் தருவார்கள். "பன்னி சௌ" என்று பெயர். டர்பனில் குடியேறிய இந்தியர்கள் உண்டாக்கியது. வெள்ளையரும் கறுப்பரும் வாங்கித் தின்கிறார்கள். "இது எங்கள் ஊர்ப் பண்டம்" என்கிறார்கள். நம் காளான் கதைதான்!

மலேசியாவில் "தோசை" என்றால் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் தெரியும். இங்கிலாந்தில் பழைய சமையல் புத்தகங்களில் "முல்லிகட்டானி" என்று ஒரு சூப் இருக்கும். என்னவென்று பார்த்தால், நம்முடைய மிளகுத் தண்ணீர்!

வேலை வேண்டும், ஆள் வேண்டாமா?

இது வரை சொன்னதெல்லாம் கேட்க இனிமையான கதை. இனிக் கொஞ்சம் கசப்பு.

கோவையின் வார்ப்படப் பட்டறைகளில், பம்புசெட்டுக் கம்பெனிகளில், மில்களில், கட்டட வேலையில், ஓட்டல்களில் இன்று யார் வேலை செய்கிறார்கள்? பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம், ஜார்க்கண்ட் இளைஞர்கள் ஏராளம். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில்கூட அசாமில் இருந்து வந்தவர்கள் இலை பறிக்கிறார்கள். அசாமில் பேர்போன பயிர் தேயிலை. அந்தப் பயிரும் இங்கே வந்தது. பின்னாலேயே ஆளும் வந்துவிட்டார்!

அனல் அடிக்கும் உலைக்கு முன்னால் நிற்க உள்ளூர்ப் பையன்கள் வருவதில்லை என்று முதலாளிகள் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதும் ஒரு காரணம். உள்ளூர்த் தொழிலாளிக்கு அதனால் வருகிற கவலையைக் கேலி செய்ய முடியாது. ஆனால் அந்தக் கோபத்தைக் கூலி கொடுப்பவரிடம் காட்டாமல், கூலி வாங்குகிறவரிடம் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

"வடக்கன்" என்று ஒரே சொல்லில் அழைக்கிறோம். ஒடியா பேசுகிறவரும், வங்காளி பேசுகிறவரும், போஜ்புரி பேசுகிறவரும் நமக்கு ஒன்றுதான். தமிழரையும் மலையாளியையும் தெலுங்கரையும் சேர்த்து "மதராசி" என்று வடக்கே சொன்னபோது நமக்கு எத்தனை கோபம் வந்தது!

வாடகைக்கு வீடு கேட்டால் தயங்குகிறார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் முடங்கிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவுக்காக ஊரடங்கு வந்தது. பட்டறைகள் மூடின. இவர்களுக்குக் கூலியும் இல்லை. ஊருக்குப் போக ரெயிலும் இல்லை. மே மாதத்தில் சிறப்பு ரெயில்கள் விட்ட பிறகுதான் ஆயிரக்கணக்கானோர் கோவையில் இருந்து கிளம்பினார்கள். அவர்கள் போன பிறகு எத்தனை வேலைகள் அப்படியே நின்றன என்பதைக் கோவைக்காரர்கள் கண்ணாரக் கண்டார்கள்.

2023-ம் ஆண்டு மார்ச் மாதம் இன்னொரு சோதனை. "தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள்" என்று வடநாட்டில் கைப்பேசிகளில் படங்கள் பரவின. எங்கோ எப்போதோ நடந்த சண்டைகளின் படங்கள். அத்தனையும் பொய்! ஆனால், பெற்ற தாய்க்குப் பொய் என்று எப்படித் தெரியும்? "உடனே புறப்பட்டு வா" என்று ஊரில் இருந்து போன் மேல் போன். பயந்துபோனவர்கள் ரெயில் நிலையத்துக்கு ஓடினார்கள்.

பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களிடமே நேரில் கேட்டார்கள். தமிழ்நாடு போலீசார் இந்தியிலேயே பேசித் தைரியம் சொன்னார்கள். புரளி கிளப்பியவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். பயம் மெல்ல மெல்ல அடங்கியது.

ஒரு பொய் இத்தனை வேகமாக ஓடியதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தாய்க்கு இங்கே ஒருவரையும் தெரியாது. அவள் மகன் எந்தத் தெருவில் இருக்கிறான், பக்கத்து வீட்டில் யார், அவன் சாப்பிட்டானா என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு "அக்கா" இங்கே இல்லை. சேட்டம்மாவுக்குக் கிடைத்த கிண்ணம் இவர்கள் அறைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. சேட்டம்மா குடும்பத்தோடு வந்தார், வீடு வாங்கினார். இவர்கள் பெட்டியோடு மட்டும் வந்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சமையல்

அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்?

கோவையின் தொழிற்பேட்டைகளை ஒட்டிய மளிகைக் கடைகளில் இப்போது கடுகு எண்ணெய் கிடைக்கிறது. "சத்து" என்ற வறுத்த கடலை மாவும் கிடைக்கிறது. பீகார்க்காரர்கள் அதை உப்பும் வெங்காயமும் போட்டுக் கரைத்துக் குடிப்பார்கள். வெயிலுக்கு அது குளிர்ச்சி. நம் கம்மங்கூழ் மாதிரி. அதையே கோதுமை உருண்டைக்குள் வைத்துத் தணலில் சுட்டால் "லிட்டி". சுட்ட கத்தரிக்காயை மசித்துத் தொட்டுக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அறையில் ஐந்தாறு பேர் சேர்ந்து சமைக்கிறார்கள். கறிவேப்பிலை போடப் பழகிவிட்டார்கள் சிலர். டீக்கடையில் "அண்ணா, ஒரு டீ" என்று கேட்கிறார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்த "அண்ணா", "அண்ணாங்க" ஆகிவிடுகிறது. கொங்குத் தமிழ் அத்தனை சீக்கிரம் தொற்றிக்கொள்ளும்!

ஒடிசாக்காரர்களுக்கு உயிரான உணவு ஒன்று உண்டு. பெயர் "பகாளா". முதல் நாள் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பார்கள். இரவு முழுதும் ஊறி லேசாகப் புளிக்கும். காலையில் உப்புப் போட்டு, பச்சை மிளகாயும் வெங்காயமும் கடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

நம் பழைய சோறு! அணுவளவும் மாற்றம் இல்லை. பூரி ஜெகந்நாதர் கோவிலிலேயே அது படையல். அங்கே யாரும் அதை ஏழைச் சோறு என்று ஒதுக்குவதில்லை. ஆண்டுதோறும் மார்ச் 20-ந் தேதியைப் "பகாளா தினம்" என்றே ஒடியாக்காரர்கள் கொண்டாடுகிறார்கள்.

கோவையில் வேலை செய்யும் ஒடியா இளைஞர்களும் அன்று தங்கள் அறையில் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கிறார்கள். தொட்டுக்கொள்ள மிளகாய் இங்கேயே கிடைக்கும். கொங்கு நாட்டுச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் அடுத்த வீட்டில் இருக்கிறது.